விழுந்த பிறகு கேட்பவள்

“நீ டாக்டருக்கா படிக்கிற?” என்று அந்த மருத்துவர் கேட்டார்.

“இல்ல சார். பயோகெமிஸ்ட்ரி. பி.எஸ்சி. மூணாவது வருஷம்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “முதல்ல அதைப் படிச்சி முடிம்மா. அப்புறமா வந்து எனக்குப் பாடம் எடு.”

நான் யாருக்காக அங்கே போயிருந்தேனோ அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உட்காரும் முன்பே ஸ்டூலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, முதுகு சுவரில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். எங்கே போனாலும் அவள் முதலில் தேடுவது சுவரைத்தான்.

அவள் எனக்கு உறவில்லை. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தவள். மரக்காணம் உப்பளத்தில் என் அம்மாவோடு ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்தவள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஊர் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சின்ன வயதில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு இருந்தது இதுதான். எதிர்பாராத சத்தம் கேட்டாலோ, பின்னாலிருந்து யாராவது தொட்டாலோ உடம்பு மொத்தமும் ஒரே நொடியில் விறைத்துவிடும். நாமும்தான் திடுக்கிடுகிறோம்; தோள் ஒருமுறை குலுங்கும், அடுத்த நொடி சிரித்துவிடுவோம். அவள் நின்றவாக்கில் பலகை சாய்வதுபோல் சாய்வாள். கை முன்னால் வந்து தாங்காது. முகவாயில் மூன்று தழும்புகள். முன்பல் ஒன்றில் பாதி இல்லை. நடக்கும்போது காலை அகட்டி, தரை இருக்கிறதா என்று ஒவ்வொரு அடியிலும் கேட்டுக்கொண்டு நடப்பதுபோல் நடப்பாள்.

தெருப்பிள்ளைகளுக்கு அவள் ஒரு விளையாட்டு. மளிகைக்கடைக் காகிதப் பையை ஊதி, அவள் முதுகுக்குப் பின்னால் போய் உடைப்போம். எட்டு வயதில் நானும் ஒருமுறை உடைத்தேன். அவள் விழுந்தாள். அவள் இடுப்பிலிருந்த குடம் உருண்டு தண்ணீர் என் காலை நனைத்தது. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்தவளே கையை நீட்டித் தடுத்தாள்.

“வுடுக்கா. முன்னால வந்து சொல்லிட்டு உடைச்சிருந்தா நானே கூடச் சிரிச்சிருப்பேன்.”

உப்பளத்தில் பெண்கள் உப்புக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பின்மேல் வரிசையாக நடப்பார்கள். அந்த வரிசையில் அவள் எப்போதும் கடைசி. கடைசியில் நடந்தால்தான் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு அவள் கொடுத்த விலை, பார்க்காதவர்களுக்குத் தெரியாது. முன்னால் போகும் பத்துப் பன்னிரண்டு கூடைகளிலிருந்தும் உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி, கடைசி ஆள் வரும்போது வரப்பு வழுக்குப் பாறையாகியிருக்கும். முதலில் போகிறவளுக்குக் காய்ந்த மண். இவளுக்குச் சேறு. குதிகால் வெடிப்புக்குள் அந்தத் தண்ணீர் புகுந்தால் எப்படி எரியும் என்பது எனக்கும் தெரியும், விடுமுறை நாட்களில் நானும் கூடை சுமந்திருக்கிறேன்.

“தினமும் கடைசியா வர்றியே, உன்னை மேளம் வச்சி அழைச்சிட்டு வரணுமா?” என்பார் மேஸ்திரி.

“மேளம் மட்டும் வாணாம் மேஸ்திரி. நீங்க பின்னால வராம இருந்தாலே போதும்.”

பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் அவளுக்காக ஒரு பழக்கத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இருக்கும் பக்கம் போகிறவர்கள் இருபது அடி முன்பிருந்தே “வர்றேன், வர்றேன்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டு போவார்கள். என் அம்மாவுக்கு அது நாக்கில் ஒட்டிப்போய்விட்டது. எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதும் சொல்வாள்.

விழுந்ததும் யாராவது ஓடிவந்து அவள் கையில் ஒரு இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். காக்காவலிப்பு என்று ஊர் நினைத்தது. வலிப்பு வந்தவர்களுக்கு நினைவு இருக்காது. ஆகவே இவளுக்கும் இருக்காது என்று நினைத்தார்கள். அங்கேதான் அவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள்.

“விறைப்பு நாலு மூச்சு வுடற நேரந்தான் பாப்பா” என்று ஒருநாள் சொன்னாள். “அதுக்கப்புறம் ஒடம்பு தானா வுட்ரும். ஆனா நான் உடனே எழுந்திரிக்க மாட்டேன்.”

“ஏன் அத்தை?”

“கேப்பேன்.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்பாளாம். மேலே சுற்றி நிற்பவர்கள் பேசுவது ஒன்று விடாமல் காதில் விழும். மேஸ்திரி அடுத்த வருஷம் அவளை வேலைக்கு எடுக்கப்போவதில்லை என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்கே போய் உப்பளத்தின் சொந்தக்காரரிடம் பேசி இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டாள். புருஷன் திண்டிவனத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

“நின்னுட்டிருக்கிறவகிட்ட ஒருத்தனும் உண்மையச் சொல்ல மாட்டான். வுழுந்து கெடக்கிறவ மேலதான் எல்லாத்தையும் கொட்டுவானுங்க.”

மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போவாள். “இந்தாக்கா உன் பீரோ சாவி. உன் வூட்ல பீரோவே இல்லியே, எங்கருந்து சாவி வந்திச்சி?” என்பாள். திரும்பி நடப்பதுபோல் நடந்து, நின்று, “அப்புறம் நேத்து சொன்னியே, இவளுக்குப் பொழைக்கத் தெரியலன்னு. எப்படிப் பொழைக்கணும்னும் சொல்லிக் குடேன்” என்பாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தெருவில் ஒரு நாய்க்கு யாரோ எட்டிக்கொட்டையை அரைத்துச் சோற்றில் வைத்துவிட்டார்கள். கோழி தூக்கும் நாய். அது புளியமரத்தடியில் நான்கு காலையும் நீட்டி விறைத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து ஒருவன் கல்லெறிந்தான். கல் விழுந்த சத்தத்துக்கு அதன் உடம்பு வில்லாக வளைந்தது. பிள்ளைகள் கத்தினோம். கத்தக் கத்த வளைந்தது. அத்தை வந்தாள். பக்கத்தில் போகவில்லை. தூரத்தில் குந்தி உட்கார்ந்து, எங்களைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதீங்க. சத்தந்தான் அதை இழுக்குது.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“தெரியும்” என்றாள். நாய் அடங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயந்தாங்கொள்ளி என்று பேரெடுத்தவள், அந்தத் தெருவில் அதைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள்.

அவளைப் பற்றி ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. முதல் குழந்தை, ஆண். நாற்பது நாள்கூட ஆகவில்லை. குளிப்பாட்டும்போது இவள் விறைத்துக் குழந்தை மேலே விழுந்தாள், குழந்தை நசுங்கிச் செத்தது. நான் வளர்ந்ததே இந்தக் கதையோடுதான். யாராவது அவளிடம் கைக்குழந்தையைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவளும் கேட்டதில்லை. இரண்டாவதாகப் பிறந்த மகளை மட்டும், மாமியார் வீட்டை விட்டு வந்து தனியாக வளர்த்தாள். யாராவது கேட்டால் “நான் கொல்லல” என்று சொல்வாள். கேட்காவிட்டாலும் சில நாட்கள் சொல்வாள்.

மகளுக்கு இரும்பை என்கிற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தன்று காலையில் மேளக்காரரிடம் அத்தை கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

“கெட்டிமேளத்தைத் திடீர்னு அடிச்சிடாதீங்கய்யா. தாலி எடுக்கறதுக்கு முன்னாலருந்தே மெதுவா ஆரம்பிச்சி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.”

“அது சினிமா பாட்டும்மா. கெட்டிமேளம்னா கெட்டிமேளந்தான்.”

“உங்க காலைத் தொட்டுக் கும்புடறேன்.”

அவர் பாவம், அப்படியே செய்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் “இன்னாய்யா, தூங்கி எழுந்து அடிக்கிறியா?” என்று கேட்டார். அவள் தனக்காகத்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அவள் மண்டபத்திலேயே இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில், சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு காதிலும் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவள் பார்க்கவில்லை. அப்படியானால் மேளத்தை யாருக்காக மெதுவாக அடிக்கச் சொன்னாள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். புதுச்சேரியில் கல்லூரி. மூன்றாவது வருடத்தில் நரம்புகள் பற்றிய பாடம் வந்தது. பேராசிரியை பலகையில் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்தார். வட்டத்துக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி போல இருந்தது. அதன் கீழ்ச்சிறகில், தசைகளை இழுக்கச் சொல்லும் நரம்புச் செல்கள். அவற்றிடம் இரண்டு விதமான ஆட்கள் வந்து பேசுகிறார்கள், இரண்டு பேருமே அமினோ அமிலங்கள், நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் இருப்பவைதான் என்றார். குளூட்டமேட் வந்தால் செல் கிளர்ந்தெழும், தசையை இழு என்று ஆணை போகும். கிளைசின் வந்தால் அடங்கும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். அந்தச் சின்னது அடக்குவதால்தான் நாம் விறைக்காமல் நடமாடுகிறோம். அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். எட்டிக்கொட்டையின் நஞ்சு செய்வது, அந்த ஏற்பியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. பிறகு அடக்க ஆளில்லை. சின்னச் சத்தம் போதும், எல்லாச் செல்களும் ஒன்றாகக் கிளம்பும், எல்லாத் தசைகளும் ஒன்றாக இழுக்கும்.

எனக்கு முன்னால் புளியமரத்தடி வந்து நின்றது.

“பிறவியிலேயே இந்த ஏற்பி கோணலாக இருக்கிறவர்களும் உண்டு. திடுக்கிட்டால் விறைத்து விழுவார்கள். ரொம்ப அபூர்வம். நீங்கள் யாரும் பார்க்கப் போவதில்லை” என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்தார்.

நான் பார்த்திருக்கிறேன் என்று கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. எங்கே என்று கேட்பார்கள். உப்பளத்தில் என்று சொல்ல வேண்டிவரும். நான் அந்த வகுப்பில் எந்த ஊர் என்று கேட்டாலே “பாண்டிச்சேரி பக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

அந்த வாரம் முழுவதும் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போனதும் பையை வீட்டில் போட்டுவிட்டு நேராக உப்பளத்துக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு வேளை. கொட்டகை நிழலில் அம்மாவும் அத்தையும் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் நின்றுகொண்டே சொன்னேன்.

அத்தை சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். “அப்போ பேயி இல்ல?”

“இல்ல அத்தை.”

“வலிப்பு?”

“இல்ல.”

“பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல. நடிப்பு இல்ல.”

“எதுவும் இல்ல. முதுகெலும்புக்குள்ள இருக்குற நரம்புல ஒரு கோளாறு.”

மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்குங்கடி. புஸ்தகத்துல போட்டிருக்குதாம்.” பிறகு என்னிடம், “அந்தச் சின்னது, அடக்கறது, அது எனக்குக் கம்மியா? எதைத் தின்னா வரும்?”

“கம்மி இல்ல அத்தை. அது சரியாத்தான் வருது. அது வந்து உக்கார்ற இடந்தான் கோணல்.”

கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்தாள். கால்வாயிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் விடும் மடையைக் காட்டினாள். “தொறந்து வுடறதுக்கு ஒரு ஆளு. அடைக்கறதுக்கு ஒரு ஆளு. அடைக்கறவன் மண்ணு எடுத்துக்கிட்டு ஒழுங்காத்தான் வர்றான். மடைவாய்தான் இடிஞ்சி கெடக்குது. மண்ணு நிக்கல. அதானே?”

அதுதான். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தேர்வில் இதைத் தப்பாக எழுதினார்கள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நான் படித்தது இன்னும் மிச்சமிருந்தது. இது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும், கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் ஆபத்து, மூக்குத்தண்டைத் தொட்டால்கூடக் குழந்தை விறைக்கும், மூச்சு நின்றுவிடும் என்று அதே உற்சாகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா என் காலைக் கிள்ளினாள். அத்தை சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். சட்டியில் பாதிக்கு மேல் சோறு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

“அன்னிக்கிக் குளிப்பாட்டினது நான் இல்ல, என் மாமியா. காலை நீட்டிப் புள்ளையப் போட்டு, எண்ணெய் தேய்ச்சி, மூக்கு எடுப்பா வரணும்னு புடிச்சி நீவினா. மூக்குல ஊதினா. புள்ளை அப்படியே விறைச்சான். நீலமாயிட்டான். அவ தூக்கி நிறுத்தி மூஞ்சில தட்டறா, மறுபடி மறுபடி மூக்குல ஊதறா. நான் ஓடினேன். அவ போட்ட கத்துல நானும் விறைச்சி வுழுந்துட்டேன். புள்ளை மேல இல்ல. வாசக்கால் கிட்ட.” அவள் குரல் ஏறவே இல்லை. “கீழ கெடந்து கேட்டேன். மூச்சு நின்னுடிச்சின்னு யாரோ சொன்னாங்க. கொஞ்சம் சும்மா இருந்திட்டு என் மாமியா சொன்னா, ‘இவ மேல வுழுந்து அமுக்கிட்டான்னு சொல்லுங்க’ன்னு. என் காதால கேட்டேன் பாப்பா.”

என்னை நேராகப் பார்த்தாள்.

“நீ சொன்னதை வச்சிப் பாத்தா, அவனுக்கு என்கிட்டருந்துதான் போயிருக்குது.”

“அது உங்க தப்பு இல்ல அத்தை.”

“தப்பான்னு கேக்கல. என்கிட்டருந்தான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“இத்தினி வருஷமா ஒரே ஒரு வார்த்தையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். நான் கொல்லலன்னு. நீ படிச்சிட்டு வந்து அதையும் புடுங்கிட்ட.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. “அப்போ என்னா பண்ணியிருக்கணும்?” என்று கேட்டாள். சொன்னேன். தலையையும் இரண்டு காலையும் பிடித்து வயிற்றுப் பக்கமாக ஒன்றாக மடக்கினால் விறைப்பு விடும், மூச்சு வரும். அவள் பாயிலிருந்த தலையணையை எடுத்தாள். இரண்டு முனையையும் பிடித்து மடக்கினாள்.

“இப்படியா?”

“ஆமா.”

“இவ்ளோதானா?”

மடக்கிய தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இவ்ளோதானா” என்று மறுபடி சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

பிறகுதான் மகளைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கும் இருக்கிறது. விழுவதில்லை, கழுத்தும் தோளும் மட்டும் வெட்டி இழுக்கும். “கையைச் சும்மா வச்சிக்காத, எதையாவது புடிச்சிக்கிட்டே நில்லு” என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. மேளம் யாருக்காக என்று அப்போது புரிந்தது. மகள் அந்த மாதம் மூன்று மாதக் கர்ப்பம்.

“பிரசவத்துக்கு என்கிட்டதான் வருவா. நானே குளிப்பாட்டறேன். மூக்கைத் தொடமாட்டேன். விறைச்சா மடக்கத் தெரியும். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா அவளை அனுப்பிடுவாங்க. என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

இந்தக் கோளாறை அடக்க ஒரு மாத்திரை இருக்கிறது. அடக்கும் வேலையில் கிளைசினுக்குத் துணையாக இருக்கும் இன்னொரு அமினோ அமிலத்தின் கையை அது பலப்படுத்துகிறது. அதைக் கேட்கத்தான் அந்த மருத்துவரிடம் போனோம். நான் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் பேசுவதுபோல் பேசினேன். அவர் பாடம் எடுக்காதே என்றதும் “வாங்க அத்தை போகலாம்” என்று எழுந்துவிட்டேன். வராந்தாவில் அவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

“மாத்திரை எனக்குத்தானே வேணும்? மரியாதை உனக்கு வேணும்னா இன்னொரு நாளு தனியா வந்து வாங்கியிருக்கலாமே.”

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு வாரும் காலம் முடிந்ததும் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சரி என்றாள்.

உப்பு முடியவில்லை. வைகாசி வெயிலில், உப்புக் குவியல் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அவள் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் வழியில் இருப்பதைப் பார்த்துத்தான் டிரைவர் ஹாரன் அடித்தார். நகரட்டும் என்று அடித்தார். விறைத்தாள். நகரவில்லை. இன்னும் பலமாக அடித்தார்.

“ஹாரன் அடிச்சேங்க. ரெண்டு தடவ அடிச்சேன்” என்று அந்த மனிதர் அழுதுகொண்டே சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஹாரன் அடித்தது எல்லாருக்கும் கேட்டிருந்தது. அடித்தும் நகராதவள்மேல் தப்பு என்று முடிந்தது. யாரோ பழக்க தோஷத்தில் அவள் கையில் ஒரு சாவியை வைத்திருந்தார்கள். நான் எடுத்துப் போட்டேன். மேஸ்திரி அவளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். “பேசாதீங்க” என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. சமையல்கட்டில் யாரோ தாம்பாளத்தைப் போட்டார்கள். அவள் கழுத்து பின்னால் வெட்டி இழுத்ததையும், கை நிலைச்சட்டத்தை இறுக்கிப் பிடித்ததையும் நான் மட்டும் பார்த்தேன். அவள் மாமியார் நல்ல மாதிரி. மருமகளுக்குத் தன் கையாலேயே தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தார்.

“அம்மா இல்லன்னு கவலப்படாத. வளைகாப்பும் நானே போடறேன், பிரசவமும் நம்ம வூட்லயே. எங்க தெருவுல பாதிப் புள்ளைங்களை நான்தான் குளிப்பாட்டினேன். ஒண்ணுக்காவது மூக்கு சப்பையா இருக்குதா பாரு.”

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் வாயில் சத்தியம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மகளுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

“எங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்க இல்ல?”

“அவங்க இருந்து பாத்துக்கறேன்னு சொன்னதாலதான் பண்ணேன்.”

“சொன்னா என்னைப் பொறந்த வூட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க. இப்போ எனக்குப் பொறந்த வூடுன்னு எது இருக்குது? படிச்சவளாச்சே, நீயே சொல்லு.”

குழந்தைக்கு வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றேன். “வராதுன்னே வச்சிக்கறேன்” என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் மணி அடிப்பதில்லை.

இப்போது அவளுக்கு எட்டாவது மாதம். போன ஞாயிற்றுக்கிழமை இரும்பைக்குப் போனேன். மாமியார் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மகள் உள்ளேயிருந்து தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. நான் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அத்தைக்கு இருந்ததை, முதல் குழந்தையை, மகளுக்கு இருப்பதை. மாமியார் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டார்.

“எம் புள்ளைகிட்ட மறைச்சிக் கட்டி வச்சிட்டீங்களா?”

உள்ளே கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

“திட்டறத அப்புறம் திட்டுங்கம்மா. அவளை எதுவும் சொல்லாதீங்க, என்னைத் திட்டுங்க. முதல்ல இதைப் பாருங்க.” பையிலிருந்து துணிப்பொம்மையை எடுத்துத் தரையில் படுக்க வைத்தேன். மூக்கைத் தொடக்கூடாது என்றேன். விறைத்தால் நிமிர்த்தக்கூடாது, முகத்தில் ஊதக்கூடாது என்றேன். தலையைப் பிடித்தேன், காலைப் பிடித்தேன், மடக்கிக் காட்டினேன். அவர் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். மறுபடி காட்டினேன். மூன்றாவது தடவை காட்டும்போது அவர் கண் பொம்மைமேல் இருந்தது.

நான்காவது தடவை பொம்மையை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.